தாய்மாமன் வயிறு

"ஒரு வாய். ஒரே ஒரு வாய் கறிக்கு மட்டும் அனுமதி கொடுங்க நர்ஸம்மா!"

சட்டையைத் தூக்கிக்கொண்டு கட்டிலில் மல்லாந்திருந்தார் ராதிபிட்சி. அந்த ஊர் கிளினிக்கில் டாக்டர் கிடையாது. நோய் பார்ப்பது, மருந்து கொடுப்பது, திட்டுவது எல்லாமே செதுன்யாதான். உள்ளே வந்துவிட்டால் சின்னவர் பெரியவர் யாராக இருந்தாலும் நர்ஸம்மா என்றுதான் கூப்பிட வேண்டும். அது அவள் போட்ட சட்டம்.

"வயித்துல புண்ணை வெச்சுக்கிட்டுக் கறி கேக்குதா? சோளக்கஞ்சி குடிங்க. அதுவும் புளிக்காத கஞ்சி."

"மழைக்கு முன்னாடியிருந்து அதைத்தானே குடிக்கிறேன்? கன்னுக்குட்டியெல்லாம் என்னைப் பங்காளின்னு நெனச்சு பக்கத்துல வந்து நிக்குது. கபரோனே பெரியாஸ்பத்திரியில குழாய் விட்டுப் பார்த்த பெரிய டாக்டரே புண் ஆறிடுச்சுன்னு சொல்லிட்டாரு."

"அவர் உங்க வயித்தைத்தான் பார்த்தாரு. நான் உங்க வாயையும் பார்க்கிறேன். விட்டா முழு மாட்டையும் முடிச்சுடுவீங்க."

ராதிபிட்சி எழுந்து உட்காரப் பார்த்தார். ஒற்றை விரலால் தள்ளி மறுபடி படுக்க வைத்தாள்.

"எனக்காகவா கேக்கிறேன்? என் அக்கா மக கல்யாணம் நிக்குதும்மா! பேச்செல்லாம் முடிஞ்சு, மாப்பிள்ளை வீட்டார் விருந்துக்கு வெட்ட மாட்டையும் ஓட்டிட்டு வந்து கட்டிட்டாங்க. தாய்மாமன் தலைக்கறியில முதல் வாய் வெச்சாத்தானே மத்தவங்க கை நனைக்க முடியும்?"

"வேற மாமா யாரையாவது திங்கச் சொல்லுங்க."

"அக்காவுக்கு நான் ஒரே தம்பி. இனிமே போய் எங்கம்மா இன்னொருத்தனைப் பெத்துட்டு வருவாளா? வேணும்னா வாயில வெச்சுட்டுத் துப்பிடுறேன்."

"தலைக்கறியைத் துப்பின மனுஷனை இந்த ஊர்ல யாராவது பார்த்திருக்காங்களா?"

ராதிபிட்சிக்கே சிரிப்பு வந்துவிட்டது.

"ஆமா, பொண்ணு என்ன சொல்றா?" என்றாள் செதுன்யா, எங்கோ பார்த்தபடி.

"அவ என்ன சொல்வா? 'முதல்ல மாமா வயிறு சரியாகட்டும், எனக்கு ஒண்ணும் அவசரமில்ல'ங்கிறா. அவ்வளவு பாசம்!"

"நல்ல பொண்ணு. சரி, இங்க வலிக்குதா?"

"இல்ல."

"இங்க?"

"இல்லவே இல்ல. மாப்பிள்ளையும் தங்கமான பையன். வாயைத் திறந்தா மாட்டைத் தவிர வேற பேச்சே... ஐயோ!"

"பார்த்தீங்களா? வலிக்குது."

"இந்த அழுத்து அழுத்தினா கட்டிலுக்கே வலிக்கும்!"

"புண் இன்னும் இருக்கு. அடுத்த மாசம் வாங்க."

"போன மாசமும் இதையேதான் சொன்னீங்க. அந்த மாடு கட்டின இடத்துலயே தின்னு கொழுக்குது. மாப்பிள்ளையோட பெரியப்பா வழியில பார்த்தா என்னை விசாரிக்கிறதில்ல, என் வயித்தைத்தான் விசாரிக்கிறாரு. அக்கா என்னோட பேசுறதையே நிறுத்திட்டா. கூடப்பிறந்தவ முகம் திருப்பிக்கிட்டுப் போறா, தெரியுமா?"

செதுன்யா எண்ணிய மாத்திரைகளையே மறுபடி எண்ணினாள். பிறகு பொட்டலம் கட்டி நீட்டினாள்.

"கறி மட்டும் கூடாது."

ராதிபிட்சி கட்டிலை விட்டு இறங்கி, சட்டையை இழுத்து விட்டுக்கொண்டு தொப்பியை எடுத்தார்.

"வைத்தியம் முடிஞ்சுதா நர்ஸம்மா?"

"முடிஞ்சுது."

"அப்ப உன் சட்டமும் முடிஞ்சுது."

கதவைத் திறந்து, வெளியே வரிசையில் யாரும் காதைத் தீட்டிக்கொண்டு நிற்கவில்லையே என்று எட்டிப் பார்த்தார். மெல்லச் சாத்திவிட்டுத் திரும்பினார்.

"மருமகளே, அந்தப் பையனைப் பிடிக்கலைன்னு உங்கம்மாகிட்ட நீயே நேரா சொல்லித் தொலையேன். ஆறிப்போன வயித்தை வெச்சுக்கிட்டு, உனக்காக நான் இன்னும் எத்தனை மாசம்தான் கஞ்சி குடிக்கிறது?"