இரண்டு தாள், ஒரே தப்பு

"டீச்சர், அவர்கிட்டச் சொல்லுங்க. எங்க வீட்டுப் பொண்ணு அடுத்தவங்க பேப்பரைப் பார்த்து எழுதற ரகம் இல்லை."

அந்த 'அவர்' இரண்டடி தள்ளி, பக்கத்து நாற்காலியில்தான் உட்கார்ந்திருந்தார். உடன்பிறந்த தம்பி. பாகம் பிரித்த அன்று அண்ணன் அவரோடு பேச்சை நிறுத்தினார். எட்டு வருஷம் ஆகிறது.

"டீச்சர், அவர்கிட்டயும் சொல்லுங்க. என் பையனும் அந்த ரகம் இல்லை. படிக்கிற ரகமும் இல்லைன்னு வச்சுக்குங்க. அஞ்சு மணி ஆனா பந்தைத் தூக்கிட்டு ஓடிருவான்."

"சீக்கிரம் முடிங்க டீச்சர்," என்றார் அண்ணன். "டாக்டர் சொன்ன வாக்கிங்குக்கு நேரமாகுது."

கணக்கு டீச்சர் இரண்டு விடைத்தாள்களையும் மேஜைமேல் விரித்தார்.

"y = 2x − 6. இந்தக் கோடு ரெண்டு அச்சையும் எங்கெங்க வெட்டுதுன்னு கேட்டிருந்தேன். வகுப்பே சரியா எழுதியிருக்கு. இவங்க ரெண்டு பேர் மட்டும் ஒரே மாதிரி தலைகீழா எழுதியிருக்காங்க. அடுத்தடுத்த பெஞ்ச் வேற. யார் யாரைப் பார்த்தாங்கன்னு தெரியலைன்னா ரெண்டு பேருக்கும் பூஜ்ஜியம்தான். கணக்குப் போட்டிக்கும் அனுப்ப மாட்டாங்க."

அண்ணன் தன் மகளின் தாளை எடுத்துக் கண்ணுக்கு நேராகப் பிடித்தார்.

"இதுல என்ன தப்பு? x அச்சை வெட்டற இடம் வேணும்னா x-ஐத்தானே பூஜ்ஜியம் ஆக்கணும்? முப்பது வருஷமா அளவெடுத்துக் கண்ணாடி வெட்டறவன் நான். எங்க குடும்பத்துல கணக்குல யாரும் சோடை போனதில்லை."

"இல்லைங்க. x அச்சுமேல இருக்கிற எந்தப் புள்ளிக்கும் உயரமே கிடையாது. அதனால y-தான் பூஜ்ஜியம். அப்படிப் போட்டா x மூணு. கோடு x அச்சை மூணுல வெட்டும். x-ஐப் பூஜ்ஜியம் ஆக்கினா வர்ற மைனஸ் ஆறு, y அச்சை வெட்டற இடம்."

அண்ணன் தாளைக் கீழே வைத்தார். முதுகு நிமிர்ந்தபடியே இருந்தது. காது மடல் மட்டும் சிவந்துவிட்டது.

தம்பி பெருமூச்சு விட்டார். "என் பையன்தான் பார்த்து எழுதினான்னு போட்டுக்குங்க டீச்சர். பொண்ணாவது போட்டிக்குப் போகட்டும்."

"அவன் ஒண்ணும் பார்த்து எழுதலை," என்றார் அண்ணன் சட்டென்று.

அவர் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். ஐந்தாகப் பத்து நிமிஷம்.

"தினம் அஞ்சு மணிக்குப் பார்க் பெஞ்சுல ரெண்டு பேருக்கும் கணக்குச் சொல்லிக்குடுக்கிறது நான்தான். தப்பு என்னுது. பூஜ்ஜியத்தை எனக்குப் போடுங்க."

தம்பி அண்ணனையே பார்த்தார். அண்ணன் அந்தப் பக்கம் திரும்பவே இல்லை.

"டீச்சர், அவர்கிட்டச் சொல்லுங்க. பேச மாட்டேன்னு நான் சொன்னது அவர்கூடத்தான். அவர் பையன்கூட இல்லை."