பதினோராவது உறை

"சுத்து," என்றான் ராய்ஸ்.

சமையலறை நடுவில் நின்று மெதுவாகச் சுற்றினேன்.

என் கணவன் டெக்ஸாஸில் இருபத்தாறு வருடம் துணை ஷெரீபாகப் போலீஸ் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். யார் சட்டைக்குள் எந்தப் பக்கம் துப்பாக்கி இருக்கிறது என்று, சர்ச் வாசலில் காபியை உறிஞ்சிக்கொண்டே சொல்லிவிடுவான். வேலை போய்விட்டது, சந்தேகம் போகவில்லை.

நான் வீடு விற்றுக் கொடுக்கும் தரகர். ஆளில்லாத பண்ணை வீடுகளை, முன்பின் தெரியாதவர்களுக்குத் திறந்து காட்டுவதுதான் பிழைப்பு. பதினெட்டு வருடம் தனியாகத்தான் போனேன்.

இவன் ஓய்வு பெற்றதும் கூடவே வர ஆரம்பித்தான். பிக்கப் வண்டியை வாசலை மறித்து நிறுத்துவான். பல் குச்சியைக் கடித்துக்கொண்டு, வீடு பார்க்க வருபவர்களை முறைப்பான். மூன்று குடும்பங்கள் கொல்லைப்புறத்தைக்கூடப் பார்க்காமல் ஓட்டம் பிடித்தன. இப்படியே போனால் நான் தொழிலை மூட்டை கட்ட வேண்டியதுதான்.

சண்டை போட்டு ஒரு ஒப்பந்தத்துக்கு வந்தோம். நான் துப்பாக்கி வைத்துக்கொள்ள வேண்டும். அது எங்கே இருக்கிறது என்று அவனால் சொல்ல முடியாத நாளிலிருந்து, நான் தனியாகப் போகலாம்.

ஏழு மாதமாகத் தோற்றுக்கொண்டே இருந்தேன்.

துப்பாக்கியோடு இடுப்புக்குள் செருகும் தோல் உறை, காரில் உட்கார்ந்தால் விலாவைக் குத்தியது. பிளாஸ்டிக் உறை சட்டைக்கு வெளியே முட்டிக்கொண்டு நின்றது. வயிற்றைச் சுற்றிக் கட்டும் துணிப்பட்டையில், ஜூலை வெயிலில் வெந்தே போனேன். கணுக்கால் உறையில் நொண்டினேன். கைப்பையில் வைத்தால், "பையைக் கைக்குழந்தை மாதிரி அணைச்சுக்கிட்டு நடக்கறே, ஊருக்கே தெரியுது" என்று சிரித்தான்.

எல்லாவற்றையும்விட என்னைக் காட்டிக்கொடுத்தது என் கைதான். இருக்கிறதா, இருக்கிறதா என்று அதுபாட்டுக்குப் போய்த் தொட்டுப் பார்க்கும்.

ஒத்துவராத உறைகளைப் போட்டுவைக்க இந்த ஊரில் எல்லோர் வீட்டிலும் ஒரு இழுப்பறை உண்டு. எங்கள் வீட்டில் அது அடுப்புக்குப் பக்கத்தில். பத்து உறை சேர்ந்துவிட்டதால், இடுப்பால் இடித்துத்தான் மூட வேண்டும்.

அந்த இழுப்பறையில்தான் சாய்ந்து நின்று இப்போது என்னை அளந்துகொண்டிருந்தான்.

நான் மெல்லிய பூப்போட்ட கவுன் போட்டிருந்தேன்.

"சாவியைக் கீழ போட்டு எடு."

குனிந்து எடுத்தேன். மேல் தட்டிலிருந்து மாவு டப்பாவை இறக்கச் சொன்னான், இறக்கினேன். உட்காரச் சொன்னான். கால்மேல் கால் போட்டு உட்கார்ந்தேன். என் கை மடியிலேயே கிடந்தது. தொட்டுப் பார்க்க மட்டும் அவனுக்கு அனுமதியில்லை.

ராய்ஸுக்கு நெற்றி வியர்த்தது.

"எங்கயும் உறுத்தலையா?"

"இருக்கறதே தெரியல."

தொப்பியைக் கழற்றி மேசைமேல் வைத்தான். "ஜெயிச்சுட்டே டார்லா. போயிட்டு வா."

காரின் கண்ணாடிகளை எல்லாம் இறக்கிவிட்டு, நாற்பது மைல் தொண்டை கிழியப் பாடிக்கொண்டே போனேன். அவ்வளவு சந்தோஷம். முந்நூறு ஏக்கர் பண்ணையையும் வீட்டையும் ஒரு வயதான தம்பதிக்கு அறை அறையாகக் காட்டினேன். மதியத்துக்குள் கையெழுத்து வாங்கிவிட்டேன். அந்த அம்மாள் என்னை இறுகக் கட்டிக்கொண்டாள். நானும் இறுகக் கட்டிக்கொண்டேன்.

வீட்டுக்கு வந்தால், ராய்ஸ் பீக்கன் பை பலகாரம் வாங்கிவைத்துக் காத்திருந்தான். தோற்றாலும் மனுஷன் பெருந்தன்மைக்காரன்.

"அது எந்தக் கடை உறைன்னு சொல்லு. எனக்கும் ஒண்ணு வேணும்," என்றான்.

"தொழில் ரகசியம்," என்றேன்.

முனகிக்கொண்டே கை கழுவப் போனான்.

இழுப்பறையை இழுத்துத் திறந்தேன். பத்து உறைகளுக்கும் அடியில், காலையில் குண்டுகளைக் கழற்றி நான் வைத்த இடத்திலேயே இருந்தது துப்பாக்கி.