பெருக்கிய இடம்

மூன்று ஆண்டு தரிசாகக் கிடந்த நிலத்தை ஆலைக்கு மாற்றலாம் என்று சட்டம் வந்ததும், பேச்சித்தாயின் நிலத்தைத் தரிசு என்று கிராமக் கணக்கில் எழுதியவன் நான்தான். கோப்பில் வைக்க ஒரு படம் வேண்டும். போய் நின்றால் நாலாபக்கமும் கடலை பூத்துக் கிடந்தது. களத்தில் மட்டும் கொஞ்சம் வெறுந்தரை. அங்கே மண்டியிட்டு செல்போனைத் தாழ்த்தினேன்.

“இருங்க சார், குப்பையாக் கெடக்கு. படத்துல அசிங்கமா விழும்” என்று பேச்சித்தாய் ஓடி வந்து, போன போகத்துக் கொடிகளை வாரிவிட்டு, விளக்குமாற்றால் பெருக்கித் தந்தாள். எதற்கென்று அவள் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

தாசில்தார் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தார். “ஒரு புல்லுகூட இல்லையேய்யா!”

படத்தின் ஓரத்தில் விளக்குமாற்றின் நுனி விழுந்திருந்தது. எதையோ சுட்டிக்காட்டுவதுபோல் அதன்மேல் விரலை வைத்துக்கொண்டேன்.