இருபது நிமிஷ நல்லெண்ணெய்

"இன்னும் பதினெட்டு நிமிஷம் இருக்கு, சௌமி. அதுக்குள்ள உன்கிட்ட ஒண்ணு சொல்லணும்" என்றான் கிஷோர்.

பால்கனி நாற்காலியில் காலை மடக்கி உட்கார்ந்திருந்த சௌம்யா தலையை மட்டும் அசைத்தாள். கன்னங்கள் உப்பியிருந்தன. எண்ணெய் கொப்பளிப்பதற்கு விதி உண்டு. வெறும் வயிறு, ஒரு கரண்டி நல்லெண்ணெய், இருபது நிமிஷம். விழுங்கவும் கூடாது, பேசவும் கூடாது.

தொம்மலூர் இன்னும் முழுசாக விழிக்கவில்லை. மார்கழிப் பனி தெருவில் இறங்கி மேம்பாலத்தில் பாதியைக் காணாமல் போக்கியிருந்தது. கீழே பால் வண்டி போகும் சத்தம் கேட்டது, வண்டி தெரியவில்லை. இந்த வேளையில் தான் இன்னும் தூங்கிக்கொண்டுதான் இருக்கிறோமோ என்று கிஷோருக்குத் தினமும் ஒரு சந்தேகம் வரும். அந்தச் சந்தேகம் அவனுக்குப் பிடித்தும் இருந்தது.

சௌம்யா சாதாரணமாக வாயை மூடுகிற ஆள் இல்லை. அவன் 'நான்' என்று ஆரம்பித்தால் மீதி வாக்கியத்தை அவளே முடித்துவிடுவாள், அதுவும் பெரும்பாலும் சரியாகவே. கல்யாணமான ஆறு வருஷத்தில், இந்த எண்ணெய் வேளையைத் தவிர, அவன் வீட்டில் முழுசாகப் பேசிய வாக்கியங்களை விரல் விட்டு எண்ணிவிடலாம்.

போன வருஷம் அவளுக்குப் பல் வெளுக்க வேண்டும் என்று ஆசை வந்தது. கரித்தூள் போட்டுத் தேய்த்தாள், பல் கூசியது. எலுமிச்சையும் சமையல் சோடாவும் தேய்த்தாள், தண்ணீர் குடித்தாலே கூசியது. பல் டாக்டர் கேரல் நன்றாகத் திட்டி அனுப்பிய பிறகுதான் நல்லெண்ணெய்க்கு வந்தாள். அன்றைக்குத்தான் கிஷோருக்குக் குரல் கிடைத்தது. கண்ட கனவு, ஆபீஸில் பட்ட அவமானம், செத்துப்போன அப்பா மேல் இன்னும் ஆறாத கோபம், எல்லாவற்றையும் அந்த இருபது நிமிஷத்தில் கொட்டுவான். அவள் கண்ணால் கேட்டுக்கொண்டிருப்பாள்.

ஒன்றை மட்டும் சொல்லாமல் வைத்திருந்தான். இன்றைக்குச் சொல்லியே ஆக வேண்டும்.

"ராத்திரி ஒரு கனவு" என்று ஆரம்பித்தான். "நம்ம ஃப்ளைஓவர் சுவர் மேல வரிசையா குழந்தைங்க உட்கார்ந்திருக்கு. எல்லாம் எதையோ மென்னுட்டு இருக்கு. கிட்டப் போய்ப் பேர் கேக்கறேன். ஒண்ணாலயும் வாயத் தொறக்க முடியல. பல்லு ஒட்டிக்கிச்சு. சும்மா என்னையே பாக்குதுங்க. பயமே வரல, சௌமி. வெக்கமா இருந்துச்சு."

அவள் கன்னத்து உப்பல் மெதுவாக இடமிருந்து வலம் போனது.

"என்ன மென்னுதுங்கன்னு கேக்கறியா? எங்க கம்பெனி மிட்டாய்தான்."

கிஷோரின் கம்பெனி ஆரோக்கியத் தின்பண்டம் செய்வது. பாக்கெட் மேல் வாசகம் எழுதுவது அவன் வேலை. தவிட்டைக் கொடுத்தாலும் நாலே வார்த்தையில் நாக்கில் நீர் ஊற வைத்துவிடுவான்.

"'சர்க்கரை சேர்க்கவில்லை'ன்னு எழுதினேன்ல? பொய் இல்ல. வெள்ளச் சர்க்கரை ஒரு சிட்டிகை கூட இல்ல. ஆனா பாதிக்குப் பாதி பேரீச்சம்பழப் பாகு. பல்லுக்கு அதுவும் சர்க்கரைதான். அதுலயும் ஜவ்வா ஒட்டிக்கிட்டா லேசுல போகாது. ஒடம்புக்கு நல்லதுன்னு நீயே சாயங்காலம் ரெண்டு எடுத்துப்ப. நானும் பாத்துட்டு சும்மா இருப்பேன்."

சௌம்யாவின் புருவம் ஏறியது. செல்போனில் மணி ஆறு முப்பத்தெட்டு. இன்னும் ஏழு நிமிஷம்தான்.

"போன வாரம் குழந்தைங்களுக்குன்னு புதுசா ஒண்ணு கொண்டாந்தாங்க. அதே மிட்டாய்தான், கிராம்பு வாசனை மட்டும் சேத்திருக்கு. 'பல்லின் நண்பன்'னு எழுதணுமாம். படுக்கறதுக்கு முன்னாடி சாப்பிடலாம்னு எழுதணுமாம்."

செல்போனைக் கையில் திருப்பித் திருப்பிப் பார்த்தான். மூன்று வருஷத்துக்கு முன் அவளைக் கேட்காமல் ஒரு வேலையை விட்டான். சௌம்யா குடியாத்தத்தில் அம்மா வீட்டுக்குப் போய் நாற்பது நாள் திரும்பவில்லை. வேலை போனதற்காக அல்ல, சொல்லாமல் மறைத்ததற்காக. இந்தத் தடவையும் போனால் திரும்பி வருவாளா என்று அவனுக்குத் தெரியாது.

சௌம்யா உள்ளே திரும்பிக் கடிகாரத்தைப் பார்த்தாள்.

"ஸ்வல்ப இரு, கொஞ்சமே கொஞ்சம், முடிச்சிடறேன்" என்று அவசரமாகச் சொன்னான். "எழுத மாட்டேன்னு சொல்லிட்டேன். வெள்ளிக்கிழமயே ராஜினாமாவும் குடுத்துட்டேன். உன்னக் கேக்கல. மூணு நாளா சொல்லணும்னு வாயெடுக்கறேன், வரல. இன்னிக்கு லேப்டாப்பத் திருப்பிக் குடுக்கப் போறேன். நீ எண்ணெயத் துப்பிட்டு வந்து எவ்ளோ வேணா திட்டு. ஊருக்கு மட்டும் போயிடாத, சௌமி."

சொல்லிவிட்டுப் பனியையே பார்த்துக்கொண்டிருந்தான். ஐந்து நிமிஷம் பாக்கி இருந்தது. அது முடியவே கூடாது என்று வேண்டிக்கொண்டான்.

"நான் எங்கயும் போகல. அப்படி எழுதிக் குடுத்திருந்தீங்கன்னாத்தான் போயிருப்பேன்."

கிஷோர் திடுக்கிட்டுத் திரும்பினான். சௌம்யா நாற்காலியை விட்டு எழுந்திருக்கவே இல்லை. எதையும் துப்பவும் இல்லை.

"எண்ணெய்?" என்றான்.

"அத ஆடி மாசமே விட்டாச்சு. ரெண்டு வேள ஒழுங்கா பிரஷ் பண்ணாப் போதும்னு டாக்டர் சொல்லிட்டாங்க" என்றாள் சௌம்யா, கண்ணைத் துடைத்துக்கொண்டு. "அஞ்சு மாசமா வெறும் காத்தத்தான் கொப்பளிக்கிறேன். நான் வாயத் தொறந்தா நீங்க பேச மாட்டீங்களே!"