வேலிக்குள் ஒரு கை

மாப்பிள்ளை வீட்டு விளைநிலத்தை, அவர்கள் பேச்சில் 'காட்டை', பார்க்காமல் அந்தப் பக்கத்தில் யாரும் பெண் கொடுப்பதில்லை. காப்பி குடித்து முடித்ததும் பெண்ணின் அப்பா வெள்ளியங்கிரி, "காட்ட ஒரு எட்டு பாத்துட்டு வந்தரலாமுங்களா?" என்றார்.

மாப்பிள்ளையின் அப்பா சென்னியப்பன் அவரைக் கிளுவை வேலி வரை கூட்டிப்போனார். ஆறு ஏக்கரிலும் கொழுக்கட்டைப் புல் இடுப்பளவு நின்றது. உழாமல், மிதிக்காமல் நிலத்தைச் சும்மா விடுவதற்கு அரசாங்கம் மானியம் தருகிறது. ஆள் நுழைந்தால் வேலிக் கம்பத்தின் பச்சை விளக்கு சிவப்பாகும். அந்த வருடத்து மானியம் அத்தோடு சரி.

"இங்கிருந்தே பாத்துக்கோணுமுங்க. பதினோரு வருசமா நானே உள்ள போனதில்லீங்க."

வெள்ளியங்கிரி தலையாட்டினார். ஆனால் நிலம் பார்க்கப் போன இடத்திலெல்லாம் அவர் கை தானாகச் செய்யும் வேலை ஒன்று உண்டு. பேசிக்கொண்டே குனிந்தவர், வேலிச் சந்தில் கையை விட்டு ஒரு பிடி மண்ணை அள்ளிவிட்டார்.

விளக்கு சிவந்தது.

அவர் முகம் செத்துப்போயிற்று. "பழக்க தோசமுங்க. கல்யாணச் செலவுக்கு அதத்தான நம்பியிருப்பீங்க. மண்ணத் திருப்பிப் போட்டர்றேனுங்க."

சென்னியப்பன் விளக்கைப் பார்த்தார். பிறகு அந்த மூடிய கையைப் பார்த்தார்.

"மண்ணு எப்படி இருக்குதுங்க?"

"பொலபொலன்னு இருக்குதுங்க."

சென்னியப்பன் செருப்பைக் கழற்றிவிட்டு வேலிப் படலைத் தள்ளித் திறந்தார்.

"இந்த வருசத்துக்குத்தான் போயிருச்சே. வாங்க சம்பந்தி, உள்ளயே போய்ப் பாக்கலாம்."