முப்பத்தோராவது தாள்

ஃபேனை நிறுத்திவிட்டாள்.

தாள்கள் பறக்கக் கூடாது.

கிழித்துச் சேர்த்து வைத்திருந்த தினக் காலண்டர் தாள்கள். ஒவ்வொன்றின் பின்பக்கத்திலும் ஒரு கல்லூரி, ஒரு பாடப்பிரிவு, போன வருடம் அங்கே கடைசியாக இடம் கிடைத்தவரின் கட்ஆஃப். மூலையில் பென்சிலால் வரிசை எண்.

மொத்தம் முப்பது. கூடத்துத் தரையில் மூன்று வரிசையாகப் பரப்பியிருந்தாள்.

மேலே எட்டு. கிடைத்தால் அதிர்ஷ்டம்.

நடுவில் பதினைந்து. கிடைக்கலாம்.

கீழே ஏழு. எப்படியும் கிடைத்துவிடும்.

நான்கு நாளாக அழித்து அழித்து எண் போட்டதில் சில மூலைகள் கிழிந்தே போயிருந்தன.

தங்கை தர்ஷிகா போனும் கையுமாகச் சுவரோரம் உட்கார்ந்திருந்தாள். அவளுக்கு இருநூறுக்கு 178.5. பொறியியல் கலந்தாய்வுக்குக் கல்லூரிகளை வரிசைப்படுத்திப் பதிய இன்றுதான் கடைசி நாள். ஐந்து மணிக்கு மூடிவிடும். பிறகு ஒன்றையும் மாற்ற முடியாது.

மணி நாலு பத்து.

அப்பா மில்லிலிருந்து வந்தார். சட்டையெல்லாம் பஞ்சு. தாள்களை மிதிக்காமல் சுவரை ஒட்டி நடந்துவந்து, டீயை வாங்கிக்கொண்டு, குந்தி உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் படித்தார்.

கடைசி வரிசையின் கடைசித் தாளை எடுத்தார்.

ஊருக்கு வெளியே இருக்கும் கல்லூரி. அதன் பஸ் தெருமுனைக்கே வரும். எதிர்வீட்டு செல்வராணி அங்கே நான்கு வருடம் படித்துவிட்டு ஜவுளிக்கடையில் பில் போடுகிறாள்.

அந்தத் தாளைக் கொண்டுபோய் எல்லாவற்றுக்கும் முதலில் வைத்தார். அதன் மேல் டம்ளரை வைத்தார்.

உறுதியாகக் கிடைப்பதை முதலில் கேட்டுவிட வேண்டும் என்றார். எடுத்த எடுப்பில் பெரிசைக் கேட்டு நின்றால் இருப்பதும் கைநழுவிப் போய்விடும் என்றார். மில்லில் எல்லாரும் அப்படித்தான் சொல்கிறார்களாம். போன வருடம் சூப்பர்வைசர் மகளுக்கும் அப்படித்தான் போட்டார்களாம். முதல் சுற்றிலேயே கிடைத்துவிட்டதாம்.

கிடைக்காமல் என்ன செய்யும்.

கம்ப்யூட்டர் மேலிருந்துதான் பார்த்துக்கொண்டு வரும். எந்த இடத்தில் தர்ஷிகாவுக்கு ஒரு சீட் இருக்கிறதோ அங்கேயே நின்றுவிடும். அதற்குக் கீழே இருப்பதை எட்டிக்கூடப் பார்க்காது. டம்ளருக்கு அடியில் இருப்பதை முதலில் பதிந்தால், மற்ற இருபத்தொன்பதும் வெறும் காலண்டர் தாள்.

அக்காவுக்கு இது தெரியும். தன்னோடு பத்தாவது படித்தவர்களுக்குப் போன வருடம் கலந்தாய்வு நடந்தபோதே, போனில் தேடித் தேடிப் படித்திருந்தாள்.

தர்ஷிகா அவளைப் பார்த்தாள்.

அவள் தன் கால் கட்டைவிரலைப் பார்த்தாள்.

மூன்று வருடத்துக்கு முன்பும் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். இதே கூடம். அம்மா படுத்த படுக்கையாகிவிட்ட நேரம். பத்தாவது ரிசல்ட் வந்து ஒரு வாரம். இரண்டு பேரில் ஒருத்தி வீட்டில் இருந்தாக வேண்டும், நீ என்னம்மா சொல்ற என்று அப்பா கேட்டார்.

அவள் வாய் திறக்கவில்லை.

சம்மதம் என்று எடுத்துக்கொண்டார்.

அம்மா தேறி, மறுபடி தீப்பெட்டி ஆபீசுக்குப் போக ஆரம்பித்து இரண்டு வருடமாகிறது. அதற்குப் பிறகு அவளிடம் யாரும் எதுவும் கேட்கவில்லை.

அவளும் கேட்கவில்லை.

நாலு இருபத்தைந்து. தர்ஷிகா மூக்கை உறிஞ்சிக்கொண்டு போனைத் திறந்தாள். டம்ளருக்கு அடியில் இருந்த பெயரைத் தேடத் தொடங்கினாள்.

அக்காவின் கை நீண்டு போனை மூடியது.

"மொதல்ல பெருசக் கேக்குறதால ஒண்ணும் போயிராதுப்பா. நம்மூர் காலேஜு கடைசில அங்கனதான் இருக்கும்."

குரல் அவளுக்கே புதிதாக இருந்தது.

மீதியை விரலால் சொன்னாள். மேல் வரிசையின் ஒரு தாளைத் தொட்டாள், தலையை ஆட்டினாள். இல்லை. அடுத்தது. இல்லை. அதற்கடுத்தது. நடு வரிசையின் நான்காவது தாளில் விரல் நின்றது. அதற்குக் கீழே இருந்ததையெல்லாம் கையால் ஒதுக்கித் தள்ளினாள்.

மறுபடியும் மேலே போய் டம்ளரைத் தொட்டாள்.

விரல் அங்கிருந்து நகரவே இல்லை.

அப்பா அந்த விரலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

பிறகு டம்ளரை எடுத்தார். தாளில் வட்டமாக ஈரம். அதை எடுத்துப்போய்க் கடைசி வரிசையின் கடைசியில் வைத்தார். சூப்பர்வைசருக்கு இதை யாரும் சொல்லவில்லை போலிருக்கிறது என்று தனக்குள் முனகினார்.

அவள் வாசித்தாள். தர்ஷிகா பதிந்தாள். நாலு ஐம்பதுக்கு முப்பதும் முடிந்தது.

அப்பா முகம் கழுவப் பின்பக்கம் போனார். தர்ஷிகா ஃபேனைப் போட எழுந்தாள்.

இரு என்று கைகாட்டினாள்.

எழுதாத தாள் இன்னும் ஒன்று இருந்தது.

மூலையில் 1 என்று போட்டாள். பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே இருக்கும் டுடோரியலின் பெயரை எழுதினாள். பக்கத்தில், பதினொன்றாம் வகுப்பு.

இரண்டாவதாக எழுத எதுவும் இல்லை.

அப்பா உட்காரும் இடத்தில் தாளை வைத்தாள். அதன் மேல் சூடாக ஒரு டம்ளர் டீயை வைத்தாள்.

பிறகுதான் ஃபேனைப் போட்டாள். முப்பது தாள்களும் கூடம் முழுக்கப் பறந்தன. அது மட்டும் அசையவில்லை.

பின்பக்கம் தண்ணீர்ச் சத்தம் நின்றது.