மாஸ்டரைக் கூப்பிடு

அருப்புக்கோட்டை பஸ் ஸ்டாண்டு பக்கமுள்ள அந்த ஓட்டலில் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம். முதல் இட்லியைப் பிட்டு வாயில் போட்டதுமே பால்ச்சாமிக்கு முகம் மலர்ந்துவிட்டது.

"பாத்தியா முத்துப்பேச்சி, வாயில வைக்க முடியல. ஒரே உப்பு," என்றார் மனைவியிடம்.

"மெதுவாப் பேசுங்க. அடுப்படிக்குக் கேட்டுரப் போவுது."

"கேக்கட்டும். ஊருக்கே சமைக்கிறவனுக்கு நாக்குன்னு ஒண்ணு வேணாமா? ஏப்பா ராஜபாண்டி, இந்த மாவக் கரைச்ச மாஸ்டர இங்க வரச் சொல்லு."

சர்வர் ராஜபாண்டி தயங்கினார். பக்கத்து மேசைக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். பால்ச்சாமி விடுவதாயில்லை.

ராஜபாண்டி குனிந்து மெதுவாகச் சொன்னார்: "இன்னைக்கி உங்களுக்கு லீவுன்னு நேத்து சாயந்தரமே மாவக் கரைச்சு வச்சுட்டுப் போனது நீங்கதான மாஸ்டர். உங்களுக்குப் பதிலா வந்தவரு அவிச்சது மட்டுந்தான். போற அவசரத்துல உப்ப ரெண்டு தடவ போட்டுட்டீக போல."

பால்ச்சாமி அடுத்த இட்லியை முழுசாக வாயில் திணித்துக்கொண்டார். முத்துப்பேச்சி தண்ணீர் டம்ளரை அவர் பக்கம் நகர்த்தினாள்.